செக்கெண்ணெய் விற்க உதவிய செயலிகள்: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, உதகையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். நாங்கள் ஆட்டி அனுப்பிய தேங்காய் எண்ணெய், புட்டிக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. படத்தின் கீழே ஒரு குரல் பதிவு இருந்தது: “ஏனுங்க தம்பி, இதுல மெழுகு ஏதாச்சும் கலந்திருக்குங்களா? குழந்தைக்குத் தேய்க்கிறதுங்க, அதான் கேக்கறேன்.” தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும் என்றும், புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் பழையபடி இளகிவிடும் என்றும் நானும் குரல் பதிவாகவே பதில் சொன்னேன். அரை மணி நேரத்தில் இளகிய எண்ணெயின் படமும், அதன் பின்னாலேயே இரண்டு லிட்டர் நல்லெண்ணெய்க்கான ஆர்டரும் வந்தன. எங்கள் எண்ணெயின் பெயரை மக்களிடம் கொண்டுசேர்க்க ஐந்தாண்டுகளாக நாங்கள் பயன்படுத்திப் பார்த்த கருவிகளை எல்லாம் மதிப்பிட, அந்த அரை மணி நேரமே எனக்கு அளவுகோலாகிவிட்டது. வாங்குபவர் தம் மனத்தில் எழும் சந்தேகத்தைத் தயங்காமல் கேட்க இடம் கொடுத்த கருவி எங்களுக்கு விற்பனையைத் தந்தது. அந்த இடத்தைக் கொடுக்காத கருவி, எத்தனை ஆயிரம் பேர் கண்ணில் பட்டாலும், பார்வை எண்ணிக்கையோடு நின்றுவிட்டது.

எங்கள் கடை காங்கேயத்தில் இருக்கிறது. நானும் என் தம்பியும் சேர்ந்து நடத்துகிறோம். செக்கும் கொள்முதலும் அவன் பொறுப்பு, விற்பனையும் விளம்பரமும் என் பொறுப்பு. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் கொப்பரைக் களங்களுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் குறைவே இல்லை. எனவே இங்கே ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று பலகை வைப்பதால் மட்டும் யாரும் வண்டியை நிறுத்திவிட மாட்டார்கள். தைப்பூசத்துக்குச் சிவன்மலையில் துண்டுப் பிரசுரம் கொடுப்பது, சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சின்னச் சின்னப் புட்டிகளில் மாதிரி எண்ணெய் கொண்டுபோவது ஆகியவற்றை இன்றும் விடவில்லை. அவற்றோடு 2021 முதல் வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கொடுத்துப் போடும் மெட்டா விளம்பரங்கள், படங்களை வடிவமைக்க உதவும் கேன்வா ஆகியவற்றையும், இடையில் ஓராண்டு ஒரு விளம்பர நிறுவனத்தின் சேவையையும் பயன்படுத்தினோம். எங்களைப்போல் இரண்டு மூன்று பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் எதற்கு நேரமும் பணமும் ஒதுக்கலாம் என்று முடிவுசெய்ய உதவட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலிடம் வாட்ஸ்அப் பிசினஸுக்குத்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2018 ஜனவரியில் அறிமுகமான இந்தச் செயலி இலவசமானது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் வாட்ஸ்அப் போலவே இருப்பதால் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் அதிகம் இல்லை. தொழிலுக்கென்று தனி எண் வாங்கி அதில் நிறுவிக்கொள்வது நல்லது. குடும்பக் குழுக்களின் காலை வணக்கங்களுக்கு நடுவே ஆர்டர் ஒன்று கண்ணில் படாமல் போனால், அந்த வாடிக்கையாளர் மறுபடி வருவது அரிது. கடை நேரம், முகவரி, பொருள்களின் படமும் விலையும் கொண்ட காட்டலாக், நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில் என எல்லாமே பயன்படுகின்றன. என்றாலும் இரண்டு வசதிகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, விரைவுப் பதில்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமித்துவிட்டு, சாய்கோடு ஒன்றைத் தட்டி அதன் குறுக்குப் பெயரை எழுதினால் பதில் முழுவதும் வந்து நிற்கும். 50 பதில்கள் வரை சேமிக்கலாம். எங்கள் முதல் பதிலின் பெயர் ‘உறை’. உதகை அம்மாவுக்குச் சொன்ன அதே விளக்கம். அடுத்தது ‘கருப்பட்டி’. எள் ஆட்டும்போது ஏன் கருப்பட்டி சேர்க்கிறீர்கள், இனிப்பு கலந்தால் அது கலப்படம் ஆகாதா என்று நகரத்து வாடிக்கையாளர்கள் பலர் கேட்கிறார்கள். கருப்பட்டி எள்ளின் பிண்ணாக்கைப் பிடித்து இறுகச் செய்து எண்ணெய் பிரிய உதவுகிறது, கசப்பையும் தணிக்கிறது, இது தலைமுறைகளாக நம் செக்குகளில் இருக்கும் வழக்கம் என்பது எங்கள் பதில். மூன்றாவது ‘கசடு’. வடிகட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விட்டபின்பும் அடியில் மெல்லிய படிவு தங்கும், மேலாக வடித்துப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. இந்தப் பதில்களை எழுதி முடித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் பெயரைப் பற்றி நான் எழுதவேண்டிய விளம்பர வாசகங்கள் எல்லாம் இவைதாம். வாடிக்கையாளர்களே கேள்விகளாகக் கேட்டு அவற்றை என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றொன்று, லேபிள். ஒவ்வோர் உரையாடலுக்கும் வண்ணக் குறி ஒன்றை இட்டு வைக்கலாம். ‘பணம் வரவேண்டியது’, ‘பார்சல் போட்டாயிற்று’, ‘மாதா மாதம்’, ‘கல்யாண வீடு’ என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ‘மாதா மாதம்’ குறியிட்டவர்களுக்கு நான்காவது வாரம் ஒருமுறை மட்டும் நினைவூட்டல் அனுப்புகிறோம். கணக்குப் புத்தகமும் ஞாபகமும் செய்துவந்த வேலையை இந்த வண்ணக் குறிகள் பிழையில்லாமல் செய்கின்றன.

இதன் எல்லையையும் தெரிந்துகொண்டே இறங்கவேண்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அவர்களிலும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். தொடக்கத்தில் இதை நான் ஒரு தடையாகவே நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருவர் நம் எண்ணைச் சேமிக்கிறார் என்றால் நம்மிடம் மறுபடி வாங்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறது என்று பொருள். எனவே பார்சல் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சீட்டு வைத்து, “எங்கள் கைப்பேசி எண்ணைச் சேமித்துக்கொண்டால் புதிதாக ஆட்டும் நாளைத் தெரிவிக்கிறோம்” என்று எழுதுகிறோம். புதிதாக ஆட்டிய எண்ணெய் வேண்டும் என்பதே செக்கு எண்ணெய் வாங்குபவர்களின் முதல் விருப்பம். அதனால் அந்த ஒரு வரிக்கு நல்ல பலன் இருக்கிறது.

கூகுள் பிசினஸ் புரொஃபைலை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று வழங்கிய சேவைதான் இது. இதற்கும் கட்டணம் இல்லை. கடை உண்மையில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய எங்களிடம் காணொளி கேட்கப்பட்டது. தெரு முனையிலிருந்து தொடங்கி, பெயர்ப் பலகையைக் காட்டி, உள்ளே வந்து, கல்லாவையும் செக்கையும் காட்டி ஒரே தொடர்ச்சியாகப் படம் எடுத்து அனுப்பினோம். படம் எடுக்கும்போது செக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாகை மர உலக்கை உரலுக்குள் சுற்றும் அந்த முனகல் ஒலியைப் பின்னர் இன்ஸ்டாகிராமிலும் பயன்படுத்திக்கொண்டோம் என்பது வேறு கதை.

இந்தச் சேவையின் பலன் எங்கே தெரிகிறது என்றால், திருச்சியிலிருந்து கோவைக்குக் காரில் போகிறவர்கள் வழியில் ‘அருகில் செக்கு எண்ணெய்’ என்று தேடும்போது தெரிகிறது. கடையின் இடக்குறி சரியான வாசலில் இருக்கவேண்டும். எங்கள் குறியை நான் முதலில் பின்தெருவில் வைத்துவிட்டதால், வந்தவர்கள் குடோன் சுவரைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்தார்கள். குறியை வாசலுக்கு நகர்த்திய வாரத்திலேயே அந்த அழைப்புகள் நின்றன. விடுமுறை நேரத்தையும் தவறாமல் மாற்றவேண்டும். பொங்கலன்று ‘திறந்திருக்கிறது’ என்று காட்டும் கடைக்கு 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் இன்னொரு முறை வரமாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மதிப்புரைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று சில கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். மதிப்புரைக்குப் பரிசோ தள்ளுபடியோ தருவது கூகுளின் விதிகளுக்குப் புறம்பானது. அதைவிட முக்கியமாக, அப்படி வாங்கிய பாராட்டைப் படிக்கிறவர்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த மதிப்புரைகளில் அதிகம் பேர் படித்துவிட்டு வந்து பேசியது இரண்டு நட்சத்திர மதிப்புரை ஒன்றைப் பற்றித்தான். கடலை எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். புட்டியில் இருந்த ஆட்டிய தேதியைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தோம். அந்தத் தேதியில் ஆட்டிய கடலையில் ஒரு மூட்டை ஈரம் பட்டிருந்தது என்று தம்பி ஒப்புக்கொண்டான். “தவறு எங்களுடையது, அந்தத் தேதியில் ஆட்டிய எண்ணெய் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம்” என்று மதிப்புரையின் கீழேயே பொதுவில் பதில் எழுதினோம். ஏழு பேர் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பதிலைப் படித்துவிட்டு, “தப்பை ஒத்துக்கிட்டீங்கல்ல, அதனாலதான் வந்தோம்” என்று சொல்லிக்கொண்டு வந்த புதியவர்களை நான் கல்லாவிலிருந்தே பார்த்திருக்கிறேன். குறை சொல்பவருக்கு எழுதும் பதிலை, இனி வரப்போகும் நூறு பேர் படிக்கிறார்கள் என்ற நினைவோடு எழுதவேண்டும்.

இன்ஸ்டாகிராம் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் எந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், சேமித்தார்கள், பிறருக்கு அனுப்பினார்கள் என்ற விவரம் கிடைக்கிறது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த மாதமே ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தபின், குறுங்காணொளி என்றாலே இன்ஸ்டாகிராம் என்றாகிவிட்டது. எங்கள் செக்கு சுற்றும் காட்சியைத்தான் மிகப் பலர் பார்த்தார்கள். அதற்குப் பாட்டில்லை, பேச்சில்லை. உலக்கை சுற்றும் ஒலி மட்டுமே. ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர், வெளிநாட்டினர். அந்தக் காட்சியை ரசித்தார்களே தவிர எண்ணெய் கேட்டு வந்தவர்கள் மிகச் சிலர். மாறாக, எள்ளில் கருப்பட்டியை உடைத்துப் போடும் காணொளியை அதில் ஒரு சிறு பங்கினரே பார்த்தார்கள்; ஆனால் நிறையப் பேர் சேமித்து வைத்தார்கள், தம் அம்மாவுக்கும் அத்தைக்கும் அனுப்பினார்கள், வாட்ஸ்அப் இணைப்பின் வழியே வந்து விலை கேட்டார்கள். வேறுபாடு எங்கே என்று பார்த்தால், முதல் காணொளி கண்ணுக்கு இதமாக இருந்தது. இரண்டாவது, வாட்ஸ்அப்பில் ஐம்பது பேர் ஏற்கெனவே கேட்டிருந்த ஒரு கேள்விக்கு விடை சொன்னது. அதன்பின் கேள்வி வராத எதையும் காணொளியாக எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

ரீல்ஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் திரைப்பாடல்கள் வணிகக் கணக்குக்குக் கிடைப்பதில்லை, அதற்கென அனுமதிக்கப்பட்ட இசைத் தொகுப்பையே பயன்படுத்தவேண்டும். பாடல்களுக்கு உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். தொழிலுக்காக அவற்றை எடுத்தாளுவது பதிப்புரிமைச் சிக்கலில் கொண்டுவிடும். நம் தொழிலிலேயே நல்ல ஒலிகள் இருக்கின்றன. கொப்பரை உடைபடும் ஒலி, எண்ணெய் டின்னில் விழும் ஒலி, தறிக்காரருக்குத் தறியின் ஒலி, பாத்திரக்காரருக்குத் தட்டும் ஒலி. அவை யாருடைய அனுமதியும் இன்றி நமக்கே உரியவை.

பணம் கொடுத்துச் செய்யும் மெட்டா விளம்பரங்களைப் பற்றி என் கருத்து கலவையானது. பணம் கட்டிப் பதிவை மேலும் பலருக்குக் காட்ட, அதன் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை அழுத்துவது எளிது. எளிது என்பதாலேயே யோசிக்காமல் அழுத்திவிடுகிறோம். முதல் முறை நான் தமிழ்நாடு முழுவதையும் இலக்காக வைத்து, ஒரு நாளைக்கு 300 ரூபாய் வீதம் பத்து நாள் ஓட்டினேன். விருப்பக்குறிகள் குவிந்தன, ஆர்டர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் வந்தன. காரணம் விளம்பரத்தில் இல்லை, எங்கள் பொருளின் எடையில் இருந்தது. ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னை நாகர்கோவிலுக்கு அனுப்பும் பார்சல் கட்டணத்தைச் சொன்னதும் கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். அடுத்த முறை மெட்டாவின் விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜரில் திருப்பூர், ஈரோடு, கோவை ஆகிய ஊர்களைச் சுற்றி மட்டும் எல்லை வகுத்தேன். தொட்டால் நேராக எங்கள் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும் வகை விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, படத்திலேயே விலையையும் அனுப்பும் செலவையும் எழுதினேன். விருப்பக்குறிகள் பாதிக்கும் கீழே போயின, ஆர்டர்கள் கூடின. விளம்பரச் செலவைக் கணக்கிடும்போது 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்பதைத் தொழிலுக்குப் புதியவர்கள் மறந்துவிடக்கூடாது.

விளம்பர நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். 2022இல், எங்களுக்கு நேரம் போதவில்லை என்பதால், மாதக் கட்டணம் பேசி ஒரு நிறுவனத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். அதன் பெயரைச் சொல்வது என் நோக்கம் இல்லை. இதே அனுபவத்தை வேறு ஊர்களில் வேறு நிறுவனங்களிடம் பெற்ற பலரை அறிவேன் என்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவர்கள் எங்கள் பெயரில் புதிய ஃபேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மாதம் முப்பது பதிவுகள் என்பது ஒப்பந்தம். முப்பதும் தவறாமல் வந்தன. அன்னையர் தினம், சுற்றுச்சூழல் தினம், யோகா தினம் என எல்லாத் தினங்களுக்கும் எங்கள் சின்னம் பொறித்த வாழ்த்துப் படங்கள் இருந்தன, எண்ணெய்தான் இல்லை. மூன்றே மாதங்களில் பின்தொடர்பவர்கள் எண்ணிக்கை பல ஆயிரம் ஆனது. ஒரு நாள் இரவு உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முகப்படம் இல்லாத, பதிவு எதுவும் இல்லாத, நம் மொழியோ நம் நாடோ அறியாத கணக்குகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. விலைக்கு வாங்கிய கூட்டம் அது.

அதையாவது பண இழப்பு என்று விட்டுவிடலாம். ‘நல்லெண்ணெய் கொப்பளித்தால் சர்க்கரை நோய் குணமாகும்’ என்று எங்கள் பெயரில் அவர்கள் போட்ட படத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. உணவுப் பொருளை நோய் தீர்க்கும் மருந்தாகச் சொல்லி விற்பதை, விளம்பரங்களும் உரிமைகோரல்களும் குறித்த 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடைசெய்கின்றன. உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிட எனக்கு வேறொரு கவலை இருந்தது. அந்தப் படத்தை நம்பி யாராவது ஒருவர் தம் மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆவது? எங்கள் தெருவிலேயே சர்க்கரை நோயால் கால் விரலை இழந்த பெரியவர் இருக்கிறார், எங்கள் எண்ணெயைத்தான் வாங்குகிறார். படத்தை நீக்கச் சொல்லி நீக்கவைக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் அது எத்தனை குடும்பக் குழுக்களுக்குப் போயிருக்கும் என்பதை இன்றளவும் நினைத்து வருந்துகிறேன்.

ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டபோது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் பெயரில் இருந்த பக்கம் எங்களுடையதாக இல்லை. அவர்கள் அதைத் தங்கள் நிறுவனக் கணக்கின் கீழ் உருவாக்கியிருந்தார்கள். எங்களுக்குப் பதிவு இடும் அனுமதி மட்டுமே இருந்தது, முழு உரிமை இல்லை. நிலுவை என்று ஒரு தொகையைச் சொல்லி அதைச் செலுத்தும்வரை உரிமையைத் தரமறுத்தார்கள். போகும்போது ஐந்தாயிரம் கைப்பேசி எண்கள் கொண்ட பட்டியல் ஒன்றையும் விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். அந்த எண்களுக்கு உரியவர்கள் யாரும் எங்களிடமிருந்து செய்தி வரட்டும் என்று கேட்டவர்கள் அல்லர். தனிநபர் தரவைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், அழையாத வீட்டுக்குள் புகுந்து பொருள் விற்பது எங்கள் வழக்கம் இல்லை. எனவே இத்தகைய சேவையை அமர்த்துகிறவர்கள், பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் முதலில் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் உருவாக்கிக்கொண்டு, நிறுவனத்துக்குப் பணிசெய்யும் அனுமதியை மட்டும் கொடுங்கள். படங்களையும் வாசகங்களையும் வெளியிடும் முன் உங்களுக்குக் காட்டவேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல நிறுவனங்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

உணவுக் காணொளி எடுப்பவர்களைப் பணம் கொடுத்து அழைப்பதைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். ஒருமுறை செய்தோம். பணம் வாங்கிப் பேசுவதைப் பார்ப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்கவேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் விதிமுறை வகுத்தது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையிடமிருந்து 2023 ஜனவரியில் வழிகாட்டுதலும் வந்தது. ‘விளம்பரம்’ என்று போட்டால் பார்வை குறையும் என்று வந்தவர் தயங்கினார். போட்டே ஆகவேண்டும் என்றோம். பார்வை குறைந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. வந்து வாங்கிய சிலர் மறுபடியும் வாங்குகிறார்கள் என்பது லேபிள்களிலிருந்து தெரிகிறது.

படங்கள் செய்யக் கேன்வா போதும், இலவசப் பதிப்பே போதும். தமிழ் எழுத்துரு உள்ளதைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக வைத்து, ஒரு படத்தில் ஒரு செய்தி என்று நிறுத்திக்கொண்டால் பெரியவர்களும் கண்ணாடி இல்லாமல் படிப்பார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் புட்டியில் போட்டிருப்பதுபோல் காட்டலாக் படத்திலும் போடுகிறோம்.

இந்தக் கருவிகள் அனைத்துக்கும் உண்மையான சோதனை 2025இல் வந்தது. கொப்பரை விலை அதுவரை நாங்கள் பார்த்திராத உயரத்துக்குப் போயிற்று. தேங்காய் எண்ணெயின் விலையை மாதத்துக்கு ஒருமுறை ஏற்றவேண்டியதாயிற்று. விலை ஏறும்போது பேசாமல் காட்டலாக்கில் விலையை மட்டும் மாற்றிவிடுவது வழக்கம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். நாங்கள் கொப்பரை வாங்கிய பில்லைப் படம் எடுத்து, விற்றவரின் பெயரை மறைத்து, ஸ்டேட்டஸில் வைத்தோம். ஒரு கிலோ கொப்பரையில் எத்தனை எண்ணெய் இறங்குகிறது, ஆட்டுகூலி என்ன, புட்டிக்கு என்ன, எங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை இன்ஸ்டாகிராமில் தம்பி செக்கின் பக்கத்தில் நின்று ஒரு நிமிடத்தில் சொன்னான். பிராட்காஸ்ட் பட்டியலில் இருந்தவர்களுக்கு, ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான் என்று செய்தி அனுப்பினோம்.

அன்று மாலை வாட்ஸ்அப்பில் நிறையப் பதில்கள் வந்தன. சிலர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். சிலர் சமையலுக்குக் கடலை எண்ணெயை எடுத்துக்கொண்டு தலைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வாங்குவதாகச் சொன்னார்கள். உதகை அம்மாவும் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: “விலை ஏறுனது பரவாயில்லீங்க தம்பி, ஆனா ஒரு லிட்டர் இப்பத்திக்கு முடியாதுங்க. அரை லிட்டர் குடுப்பீங்களா?” அதுவரை எங்கள் காட்டலாக்கில் அரை லிட்டர் இருந்ததே இல்லை. இரவே தம்பி அரை லிட்டர் புட்டிக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை படம் எடுத்து, விலை போட்டு, காட்டலாக்கின் முதல் வரிசையில் வைத்தேன்.